முதல் பஸ்ஸுக்கு நின்ற ஏழு பேர்

(பழைய மாணவியர் சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில், நோட்டன் பிரிட்ஜ் பக்கத்து மாணவியர் சார்பில் ஆற்றிய உரை)



மேடையில் நிற்பவர் ஒருவர்தான். ஆனால் 1990களின் தொடக்கத்தில் நோட்டன் பிரிட்ஜ் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து நம் பள்ளிக்கு ஆறாம் வகுப்புக்கு வந்தவர்கள் ஏழு பேர். பேசச் சொல்லிச் சங்கத்திலிருந்து அழைப்பு வந்ததும், ஏழு பேரையும் தேடிப் பிடித்தோம். ஆறு பேரோடு பேச முடிந்தது. இங்கே சொல்லப்போவது அவர்கள் சொன்னதையும் சேர்த்துத்தான். ஆகவே 'நாங்கள்' என்றே பேச அனுமதிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.

எங்களுக்கு ஒரு பட்டப்பெயர் இருந்தது. பழைய ஆசிரியைகளுக்கு நினைவிருக்கும். நோட்டன் பிரிட்ஜுக்கு மேலே ஏழு கன்னிமார் மலை நிற்கிறது அல்லவா? ஏழு பேரும் ஒரே பஸ்ஸில் வந்து, ஒரே வரிசையில் பிந்தி நுழைவதைப் பார்த்து, எங்களையும் "ஏழு கன்னிமார்" என்று கூப்பிடுவார்கள். மழைக்காலத்தில் நாங்கள் வரும்போது முதலாவது பாடம் பாதி முடிந்திருக்கும். காலுறையில் இரத்தம் இருக்கும். அட்டை கடித்தது வகுப்புக்கு வந்த பிறகுதான் தெரியும்.

வெளியுலகம் எங்கள் ஊரை இரண்டு காரணங்களுக்காக அறியும். ஒன்று, 1974 டிசம்பர் 4ஆம் திகதி அந்த மலையில் விமானம் மோதி 191 பேர் இறந்தது. மற்றது மின்சாரம். 1950இல் நோட்டன் அணையிலிருந்து பழைய லக்சபான மின்நிலையத்துக்கு நீர் போகத் தொடங்கியது. 1965இல் நோட்டன் பிரிட்ஜிலேயே விமலசுரேந்திர மின்நிலையம் வந்தது. நாட்டுக்கு வெளிச்சம் கொடுத்த ஊர் அது. ஆனால் நாங்கள் ஏழு பேரில் ஐந்து பேர் சாதாரண தரப் பரீட்சை வரை குப்பிலாம்பில் படித்தவர்கள். மின்கம்பி எங்கள் லயத்துக்கு மேலாகவே போனது. காற்றடிக்கும்போது அது இரையும் சத்தம் காம்பராவுக்குள் கேட்கும். இதை யார்மேலும் குறை சொல்வதற்காகச் சொல்லவில்லை. ஒரு வசதி நம் தலைக்கு மேலாகப் போகலாம், ஆனால் வீட்டுக்குள் வராமலே இருக்கலாம் என்பதற்காகச் சொல்கிறோம். கல்வியும் மலையகத்தில் நீண்டகாலம் அப்படித்தான் இருந்தது.

நூற்றாண்டு மலர் என்பதால் கொஞ்சம் வரலாறு சொல்ல இடம் கொடுங்கள். 1907இல் வந்த கிராமியப் பாடசாலைகள் கட்டளைச் சட்டம், தோட்டத்தில் உள்ள ஆறு வயது முதல் பத்து வயது வரையான பிள்ளைகளுக்குத் தாய்மொழியில் கல்வி வழங்குவது தோட்டத்துத் துரையின் பொறுப்பு என்றது. சட்டத்தில் பள்ளி இருந்தது. மலையில் பெரும்பாலும் இருந்தது பிரட்டுக்களத்தின் ஒரு மூலை, ஒரு கரும்பலகை, எல்லா வகுப்புக்கும் ஒரே ஆசிரியர். பத்து வயதுப் பிள்ளைக்குக் கூடை காத்திருந்தது. வாசிக்கத் தெரியாத அந்த மக்களிடம் செய்தியைக் கொண்டுபோக, ஹட்டனில் வாழ்ந்த கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சியம்மாள் பாட்டெழுதித் தோட்டந்தோட்டமாகப் பாடினார். எழுத்து எட்டாத இடத்துக்குக் குரலைக் கொண்டுபோன பெண் அவர். இந்த மேடையில் அவரை நினைக்காமல் இருக்க முடியாது.

1945இல் கன்னங்கராவின் இலவசக் கல்வி வந்தது. இலங்கை முழுவதும் அதைக் கொண்டாடியது; கொண்டாட வேண்டியதும்தான். ஆனால் தோட்டப் பாடசாலைகள் அந்தப் பெரிய ஓட்டத்துக்கு வெளியிலேயே நின்றன. 1948 குடியுரிமைச் சட்டம் எங்கள் தாத்தா பாட்டிமாரை நாடற்றவர்களாக்கியது. 1960-61இல் உதவி பெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றபோதும் தோட்டப் பாடசாலைகள் தோட்டத்தோடேயே விடப்பட்டன. தோட்டங்கள் 1975இல் அரசுடைமையான பிறகுதான், 1977 முதல் படிப்படியாக அந்தப் பாடசாலைகள் அரச பாடசாலைகள் ஆயின. அதாவது, மற்றப் பிள்ளைகளுக்குக் கிடைத்தது எங்கள் பிள்ளைகளுக்குக் கிடைக்க ஒரு தலைமுறைக்கு மேல் பிந்தியது. நாங்கள் ஏழு பேரும் பிறந்தது அதற்குச் சற்றுப் பின்னர்தான்.

1980களில் சுவீடன் அரசின் உதவியோடு தோட்டப் பாடசாலைகளுக்குக் கட்டிடங்கள் வந்தன. ஜேர்மன் உதவியோடு பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியல் கல்லூரி எழுந்து, மலையகத்து இளைஞர், யுவதிகள் மலையகத்திலேயே ஆசிரியப் பயிற்சி பெற வழி பிறந்தது. எங்கள் ஏழு பேரில் ஒருவர் அங்கே பயின்று, இன்று பகுதித் தலைவியாகக் கற்பிக்கிறார். ஆகவே எதுவும் மாறவில்லை என்று நாங்கள் சொல்லமாட்டோம். மாறியதன் பலனில்தான் இந்த மேடையில் நிற்கிறோம்.

இனி, அந்த ஏழு பேருக்கு என்ன நடந்தது என்பதைச் சொல்கிறோம்.

ஒருவர் எட்டாம் வகுப்பில் நின்றார். தீபாவளி விடுமுறைக்குப் பிறகு பஸ்ஸுக்கு வரவில்லை. கொழும்பில் ஒரு வீட்டில் பிள்ளை பார்க்கப் போய்விட்டதாகச் சொன்னார்கள். பிள்ளை பார்க்கப் போன பிள்ளைக்குப் பதின்மூன்று வயது. எங்களால் தேடிப் பிடிக்க முடியாத ஏழாமவர் அவர்தான். இரண்டாமவர் ஒன்பதாம் வகுப்பில் நின்றார். அவரைப் பற்றிப் பிறகு சொல்வோம். மூன்றாமவர் சாதாரண தரத்தில் கணிதத்தில் மட்டும் சித்தியடையவில்லை. மறுமுறை எழுத வீட்டில் சம்மதித்தார்கள். அதற்குள் கல்யாணம் வந்துவிட்டது. நான்காமவர் நன்றாகச் சித்தியடைந்து ஆசிரியப் பயிற்சிக்கு விண்ணப்பித்தார். நேர்முகப் பரீட்சைக் கடிதம் தோட்டத்து ஒபிசுக்கு வந்து, அங்கிருந்து லயத்துக்கு வந்தபோது, பரீட்சைத் திகதி போய் ஒன்பது நாள். லயத்துக்கென்று ஒரு முகவரி இல்லாததன் விலை அது. அவர் வளைகுடாவில் பதினொரு வருடம் வேலை செய்துவிட்டு வந்து, இப்போது தையல் நிலையம் வைத்திருக்கிறார். ஐந்தாமவர் நாங்கள் சொன்ன ஆசிரியை. ஆறாமவர் வர்த்தகப் பிரிவில் படித்து வங்கியில் சேர்ந்து, இன்று கனடாவில் இருக்கிறார். இந்த உரையை நேரலையில் கேட்டுக்கொண்டிருப்பார். எஞ்சிய ஒருவர் வைத்தியரானார். உங்கள் முன் நிற்பவர் அவர்.

ஏழில் ஒருவர் வைத்தியர் என்றால் கைதட்டுவீர்கள். கைதட்டுவதற்கு முன் ஒன்றைக் கேளுங்கள். அந்த ஒருவர் ஏழு பேரில் கெட்டிக்காரர் அல்ல. இதை ஆறு பேரும் ஒத்துக்கொண்டோம்; வைத்தியரும் ஒத்துக்கொண்டார். கணிதத்தில் எப்போதும் முதலாவதாக வந்தவர் ஒன்பதாம் வகுப்பில் நின்ற அந்த இரண்டாமவர். அம்மாவுக்கு வயிற்றில் சத்திரசிகிச்சை. வீட்டில் மூன்று சின்னப் பிள்ளைகள். "ஒரு மாசந்தான், அம்மா எழும்பின ஒடனே வந்திருவேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். அம்மா எழும்ப ஆறு மாதமாயிற்று. திரும்பி வர வெட்கமாக இருந்தது என்று முப்பது வருடம் கழித்துத்தான் எங்களிடம் சொன்னார்.

மற்றவருக்கு என்ன கிடைத்தது? ஒரு கட்டில் கிடைத்தது. உயர்தர விஞ்ஞானப் பிரிவைத் தமிழில் படிக்க மாவட்டத்தில் விரல்விட்டு எண்ணக்கூடிய இடங்களே இருந்த காலம். பிற்பகல் வகுப்பு முடிந்தால் நோட்டன் பிரிட்ஜுக்குப் போக பஸ் கிடையாது. நம் பள்ளியின் டீச்சர் ஒருவர், தன் வீட்டு முன்னறையில் ஒரு கட்டிலைப் போட்டு, "இரண்டு வருசம் இங்கேயே இரு. சாப்பாட்டைப் பற்றி யோசிக்காதே" என்றார். அந்த டீச்சர் இன்று இந்த மண்டபத்தில் முன்வரிசையில் இருக்கிறார். பெயர் சொல்ல வேண்டாம் என்று கட்டளை. ஆகவே சொல்லவில்லை. அதோடு, பல்கலைக்கழக அனுமதியில் நுவரெலியா பின்தங்கிய மாவட்டமாகக் கருதப்பட்டதும் உதவியது. திறமையும் உழைப்பும் எல்லோரிடமும் இருந்தன. வேறாக இருந்தது அந்தக் கட்டில்.

கடந்த வருடம் எங்கள் கிளினிக் வரிசையில் ஒரு தாய் நின்றார். கையில் கடைக்குட்டி மகள், பதினொரு வயது. மகளுக்கு அடிக்கடி தலைவலி, பாடத்தில் மந்தம் என்று கொண்டுவந்திருந்தார். முதலில் "டொக்டர்" என்றுதான் பேசினார். பெயரைக் கேட்டு இருவரும் நிமிர்ந்து பார்த்தோம். அதற்குப் பிறகு "புள்ள" என்றார். நம்முடைய கணிதக்காரர். அவர் சம்மதத்தோடுதான் இதைச் சொல்கிறோம்.

பிள்ளைக்குக் கரும்பலகை தெரியவில்லை. அவ்வளவுதான். இரத்தத்தில் இரும்புச்சத்தும் குறைவாக இருந்தது. கண்ணாடியும் மாத்திரையும் எழுதிக் கொடுத்தோம். அப்போது அந்தத் தாய் சொன்னார்: "கண்ணாடி போட்டா போர்டு தெரியும். போர்டுல எழுத ஆளு வேணுமே, புள்ள. கணக்கு வாத்தியாரு மாத்திக்கிட்டுப் போயி எட்டு மாசமாகுது. நாந்தான் ராவையில சொல்லிக்குடுக்கிறேன். ஆனா நான் படிச்சது ஒம்பதாவது மட்டுந்தானே. அவ அதத் தாண்டுனா நான் என்ன செய்ய?"

இன்றும் கொழுந்து நிறுக்கும் இடத்தில், கணக்கப்பிள்ளை எழுதுமுன் மூன்று நிறுவையையும் அவர் மனதிலேயே கூட்டிவிடுவாராம். பக்கத்தில் நிற்கும் பெண்கள் தங்கள் கணக்கையும் அவரிடம்தான் சரிபார்ப்பார்களாம். அவருக்குக் கிடைக்காமல் போனதை நினைத்து வருந்துவதோடு நிறுத்திக்கொள்ள முடியாது. அவருடைய மகள் அடுத்த ஜனவரியில் ஆறாம் வகுப்பு.

நாங்கள் வைத்தியர்களாக, ஆசிரியைகளாகப் பார்ப்பதிலிருந்து சொல்கிறோம். இன்றைய பிரச்சினை பள்ளிக்கூடம் இல்லாதது அல்ல. ஏறத்தாழ ஒவ்வொரு தோட்டத்துக்கும் எட்டும் தூரத்தில் ஒரு பாடசாலை இருக்கிறது. சட்டமும் இருக்கிறது, 2016 முதல் பதினாறு வயது வரை கல்வி கட்டாயம். ஆனால் அந்தப் பாடசாலைகளில் பல, ஐந்தாம் வகுப்போடோ பதினோராம் வகுப்போடோ முடிகின்றன. பஸ் நிற்கும் இடத்திலிருந்து மூன்று மைல் ஏறிப்போக வேண்டிய பள்ளிக்கு வரும் ஆசிரியர், தங்க இடமில்லாமல் மாற்றம் கேட்கிறார். அவரைக் குறைசொல்ல எங்களுக்கு மனமில்லை. 2014-15 காலத்தில் மலையகப் பாடசாலைகளுக்கு மூவாயிரம் அளவில் உதவி ஆசிரியர்கள் நியமிக்கப்பட்டார்கள். அவர்களுக்குக் கிடைத்த மாதக் கொடுப்பனவு முதலில் 6,000 ரூபா, பின்னர் 10,000 ரூபா. அதில் பஸ் காசு போக என்ன மிஞ்சும்? அப்படியும் நின்று கற்பித்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

பிறகு 2020, 2021. பள்ளிகள் மூடியிருந்தன. பாடம் தொலைபேசியில் வந்தது. சிக்னல் தேடி மலையுச்சிக்கு ஏறிய பிள்ளைகளைப் பத்திரிகையில் பார்த்திருப்பீர்கள். வீட்டில் ஒரே தொலைபேசி, அதுவும் அப்பாவிடம் என்றால், எத்தனை பிள்ளைகள் பாடம் கேட்டிருக்கும்? அடுத்த வருடம் பொருளாதார நெருக்கடி. கொப்பி விலை ஏறியது. அந்த நாட்களில் முதலாம், இரண்டாம் வகுப்பில் இருந்த பிள்ளைகள் எழுத்துக்கூட்டிப் படிக்கும் பருவத்தைத் தவறவிட்டு மேல்வகுப்புக்கு ஏறிவிட்டார்கள். வகுப்பு ஏறினாலும் வாசிப்பு ஏறவில்லை.

இது நமக்கு மட்டும் வந்த துன்பம் அல்ல. ஆபிரிக்காவில் மலாவி 1994இலும், உகண்டா 1997இலும், கென்யா 2003இலும் ஆரம்பக் கல்வியை இலவசமாக்கின. கதவு திறந்ததும் பிள்ளைகள் வெள்ளமாக வந்தார்கள். வகுப்பறையும் ஆசிரியரும் அதே வேகத்தில் வரவில்லை. ஒரு ஆசிரியர் முன் நூறு பிள்ளைகள் அமர்ந்த வகுப்புகள் இருந்தன. 1977க்குப் பிறகு நம் தோட்டப் பாடசாலைகளும் கிட்டத்தட்ட இதே பாடத்தைத்தான் படித்தன. பள்ளியில் சேர்ப்பது ஒரு வேலை. படிக்க வைப்பது இன்னொரு வேலை.

அங்கிருந்து நாம் எடுத்துக்கொள்ளக்கூடிய இரண்டு காரியங்களைச் சொல்லலாம். முதலாவது, இந்தியாவில் பிரதம் என்ற அமைப்பு தொடங்கி, பின்னர் சாம்பியா முதலிய நாடுகளுக்குப் போன ஒரு முறை. மூன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளை, நாளொன்றுக்கு ஒரு மணி நேரம், வகுப்பைப் பார்க்காமல் அவர்களுக்கு என்ன தெரியும் என்பதைப் பார்த்துப் பிரிப்பார்கள். எழுத்துத் தெரியாதவர் ஒரு குழு, சொல் வாசிப்பவர் ஒரு குழு, பத்தி வாசிப்பவர் ஒரு குழு. எழுத்து அட்டையும் கதையும் விளையாட்டுமாகப் பாடம் நடக்கும். முன்னேறிய பிள்ளை அடுத்த குழுவுக்குப் போகும். இதற்கு மாளிகை தேவையில்லை. ஊரில் உயர்தரம் படித்துவிட்டு வீட்டில் இருக்கும் ஒரு தங்கைக்குச் சில நாள் பயிற்சி கொடுத்தால் நடத்தலாம்.

இரண்டாவது இன்னும் நமக்கு நெருக்கமானது. 1993இல் சிம்பாப்வேயில், கட்டணம் கட்ட முடியாத கிராமத்துப் பெண்பிள்ளைகள் 32 பேரை இடைநிலைப் பள்ளியில் சேர்த்து ஒரு அமைப்பு தொடங்கப்பட்டது. பெயர் காம்ஃபெட். 1998இல் அதில் படித்து வெளியேறிய பெண்கள் தங்களுக்குள் ஒரு சங்கம் அமைத்தார்கள். நம்முடையதைப் போல ஒரு பழைய மாணவியர் சங்கம்தான். ஆனால் ஒன்றுகூடலோடு அவர்கள் நிற்கவில்லை. தாங்கள் படித்த கிராமத்துப் பள்ளிக்கே வழிகாட்டிகளாகத் திரும்பிப் போனார்கள். எந்தப் பிள்ளை மூன்று நாள் வரவில்லை, ஏன் வரவில்லை என்று வீட்டுக்குப் போய்க் கேட்டார்கள். தாங்களே அந்த வீட்டிலிருந்து வந்தவர்கள் என்பதால் கதவு திறந்தது. உதவி பெற்ற முதல் பிள்ளைகளில் ஒருவரான ஏஞ்சலின் முரிமிர்வா பிற்காலத்தில் அந்த அமைப்பின் தலைமைப் பொறுப்புக்கே வந்தார். சிம்பாப்வே, சாம்பியா, கானா, தன்சானியா, மலாவி என்று ஐந்து நாடுகளில் இன்று அந்தச் சங்கத்துப் பெண்கள் இருக்கிறார்கள்.

இதை வாசித்தபோது எங்களுக்கு ஒன்று உறுத்தியது. நாங்கள் ஏழு பேரில் ஒருவர் ஒன்பதாம் வகுப்பில் பஸ்ஸுக்கு வராமல் நின்றபோது, யாரும் அவர் வீட்டுக்குப் போகவில்லை. பள்ளியைச் சொல்லவில்லை. நாங்களே போகவில்லை. பக்கத்து மலைதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்து போயிருந்தால், "வெட்கப்படாதே, வா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதுமாக இருந்திருக்கும். அன்று எங்களுக்குப் பதினான்கு வயது, தெரியவில்லை. இன்று அந்தச் சாட்டு இல்லை.

சங்கத்தின் நூற்றாண்டு நிதி பற்றி அடுத்த மாதம் பொதுக்கூட்டம் தீர்மானிக்கப்போகிறது. நுழைவாயிலில் நினைவு வளைவு ஒன்று கட்டுவதென்ற யோசனை முன்னால் இருப்பதை அறிவோம். அதைச் சொன்ன அக்காமாருக்குப் பள்ளிமேல் உள்ள பாசத்தை நாங்கள் குறைத்து நினைக்கவில்லை. வளைவு அழகாகத்தான் இருக்கும். ஆனால் அதற்குள் நுழைய வேண்டிய பிள்ளை நோட்டன் பிரிட்ஜில் நின்றுவிட்டால், வளைவு யாருக்கு? இதை உங்கள் முன் கேள்வியாகவே வைக்கிறோம். அதற்குப் பதிலாக எங்கள் கோரிக்கைகள் நான்கு.

முதலாவது, கட்டில். தோட்டங்களிலிருந்து வந்து உயர்தரம் படிக்கும் மாணவியருக்குப் பள்ளிக்கு அருகில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுப்போம். பத்துக் கட்டில், பொறுப்பாக ஒரு அம்மா, மூன்று வேளைச் சாப்பாடு. டீச்சர் ஒருவர் தன் முன்னறையில் தனியாகச் செய்ததை, நூறு வருடச் சங்கம் சேர்ந்து செய்ய முடியாதா?

இரண்டாவது, ஆசிரியருக்கு அறை. எங்கள் பக்கத்தில் இரண்டு தோட்டப் பாடசாலைகளில் பழைய ஆசிரியர் விடுதி கூரையில்லாமல் கிடக்கிறது. அனுமதி பெற்று, தகரமும் கழிவறையும் தண்ணீரும் கொடுத்தால், தூரத்து ஆசிரியை ஒருவர் வாரநாட்களில் தங்கலாம். தங்கும் ஆசிரியை மாற்றம் கேட்பது குறையும்.

மூன்றாவது, மாலை வாசிப்பு வகுப்பு. மேலே சொன்ன முறையில், ஆரம்ப வகுப்புப் பிள்ளைகளுக்கு. எங்களில் ஆசிரியையாக இருப்பவர் பயிற்சிக்குப் பொறுப்பேற்கிறார்.

நான்காவது, பெயர்ப் பதிவு. நம் பள்ளிக்கும் நோட்டன் பிரிட்ஜ் பக்கத்துப் பாடசாலைகளுக்கும் ஆறாம் வகுப்புக்கு வரும் ஒவ்வொரு பெண்பிள்ளையின் பெயருக்கும் எதிரே ஒரு பழைய மாணவியின் பெயர். பதினோராம் வகுப்பு முடியும்வரை அந்தப் பிள்ளை அவருடைய பொறுப்பு. காசு கொடுப்பதைச் சொல்லவில்லை. மாதம் ஒருமுறை ஒரு தொலைபேசி அழைப்பு. "வந்தாயா? என்ன படித்தாய்? வீட்டில் எல்லோரும் சுகமா?" மூன்று நாள் வராவிட்டால் பக்கத்தில் இருக்கும் ஒருவர் வீட்டுக்குப் போவார். ரொறன்ரோவிலும் இலண்டனிலும் சென்னையிலும் இருக்கும் அக்காமாரும் தங்கைமாரும் இதைச் செய்யலாம். ஊருக்கு எதையாவது செய்ய வேண்டும் என்று நீங்கள் எழுதும் கடிதங்களுக்கு எங்கள் பதில் இதுதான்.

உடல்நலத்தை எங்களிடம் விடுங்கள். தரம் 1, 4, 7, 10 பிள்ளைகளுக்குப் பாடசாலை வைத்தியப் பரிசோதனை நடக்கவேண்டும் என்பது அரச நடைமுறை. அது ஒழுங்காக நடக்கவும், கண்ணில் குறை கண்ட பிள்ளைக்குக் கண்ணாடி உண்மையாகவே கைக்கு வரவும், பெரிய பிள்ளைகளுக்கு மாதவிலக்கு நாட்களில் பூட்டும் தண்ணீரும் உள்ள கழிவறை இருக்கவும் நாங்கள் பின்னால் நிற்போம். மாதத்தில் நான்கு நாள் பள்ளிக்கு வராத பிள்ளை வருடத்தில் எத்தனை பாடத்தை இழக்கும் என்று கணக்குப் பாருங்கள்.

"இதெல்லாம் அரசாங்கத்தின் வேலை அல்லவா?" என்று ஒரு அக்கா எங்களிடம் கேட்டார். அரசாங்கத்தின் வேலைதான். அந்த வேலையிலிருந்து அரசாங்கத்தை நாங்கள் விடுவிக்கவில்லை. கணித ஆசிரியர் எட்டு மாதமாக இல்லை என்று வலயக் கல்விக் காரியாலயத்துக்கு ஒரு கொழுந்து பறிக்கும் தாய் தனியாகப் போய்ச் சொல்வதற்கும், நூறு வருடச் சங்கம் பிள்ளைகளின் பெயர்ப் பட்டியலோடு போய்க் கேட்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது. பதிவு வைத்திருப்பவர்களின் கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருப்பது கஷ்டம்.

இன்னொரு தங்கை கேட்டார்: "நம் பள்ளிக்கே தேவைகள் இருக்கும்போது, தோட்டத்துப் பள்ளிக்கு ஏன்?" நியாயமான கேள்வி. நம் பள்ளியின் ஆறாம் வகுப்பில் இருக்கும் பிள்ளைகள் எங்கிருந்து வருகிறார்கள் என்று அதிபரிடம் கேளுங்கள். அடியில் வேர் காய்ந்தால் மேலே கொழுந்து விடாது. இது தேயிலைத் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

2023இல் மலையகத்துக்கு 200 வருடம் என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நம் மக்கள் நடந்தார்கள். நம் முன்னோர் நடந்த வழியை நினைவுகூர்ந்த நடை அது. அந்த வழியில் வந்த பெண்களில் எத்தனை பேருக்குத் தம் பெயரை எழுதத் தெரிந்திருக்கும்? இந்த மண்டபத்தில் இருப்பவர்களில் பலர் அவர்களுடைய பேத்திகளின் பேத்திகள். அந்தத் தூரத்தைக் கடக்க யாரோ ஒருவர் எங்கோ ஒரு கட்டிலை, ஒரு கொப்பியை, ஒரு வார்த்தையை நமக்குத் தந்திருக்கிறார்.

கணிதக்காரரின் மகளுக்கு இப்போது போர்டு தெரிகிறதாம். ஜனவரியில் நோட்டன் பிரிட்ஜில் முதல் பஸ்ஸுக்கு நிற்கப்போகும் பிள்ளைகளில் அவளும் ஒருத்தி. எங்களில் ஆறு பேர் அவளுடைய பெயரைப் பதிவில் முதலாவதாக எழுதி, எதிரே எங்கள் ஆறு பெயரையும் எழுதியிருக்கிறோம். அவளுடைய அம்மாவும் அந்த ஆறு பேரில் ஒருவர். பதிவுப் புத்தகம் வாசலில் மேசைமேல் இருக்கிறது. அதில் அடுத்த பக்கங்கள் இன்னும் வெறுமையாகத்தான் இருக்கின்றன. தேநீருக்குப் போகும் வழியில் ஒரு பெயரை எடுத்துக்கொண்டு போங்கள்.

கொழும்புக்குப் போய்க் காணாமற்போன எங்கள் ஏழாமவர் இந்த மலரை எங்காவது வாசிக்க நேர்ந்தால், அவருக்கும் ஒரு வார்த்தை. உன்னைத் தேடிக்கொண்டிருக்கிறோம். வெட்கப்படாதே, வா.